குரலும் அதன் அறையும்

ஜெர்மானிய ஓபரா அரங்குகளில், ஒரு பாடகன் எந்த வகைக் குரல்காரன் என்பதைக் குறிக்க 'ஃபாக்' என்று ஒரு சொல் புழங்குகிறது. அலமாரியிலுள்ள தடுப்பறை என்பது அதன் அர்த்தங்களில் ஒன்று. எங்கள் வங்கிக் கிளையின் ஸ்டேஷனரி அறையில், கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலத்து மர அலமாரி ஒன்று இன்னும் நிற்கிறது. வரிசைக்கு எட்டு அறைகள். சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, டிராஃப்ட் என்று ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியது பாதி அழிந்துகிடக்கிறது. 'இதர' என்றும் ஓர் அறை. மற்ற எல்லாவற்றையும்விட அதன் விளிம்புதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

அந்தச் சொல்லை முதலில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்த அலமாரிதான். மனிதக் குரலை வவுச்சர் மாதிரிப் பிரித்துப் போடுகிறார்களே என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் சுலபமானது என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் சங்கீதத்தில் இந்தப் பிரச்னை இந்த ரூபத்தில் எழுவதில்லை. பாடுகிறவர் தன் சுருதியைத் தானே வைத்துக்கொள்கிறார். ஒருவருக்கு ஒரு கட்டை, இன்னொருவருக்கு ஐந்து கட்டை. ஷட்ஜம் ஆளோடு நகர்கிறது. கீர்த்தனையும் அதோடு கூடவே போகிறது. ஓபராவில், சில்லறை விலக்குகள் தவிர, ஸ்வரம் அதன் உயரத்தோடு சேர்த்தே தாளில் எழுதப்பட்டாயிற்று. அந்த உயரத்தில் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி காத்திருக்கிறது. மைக் கிடையாது. இந்தத் தொண்டை அந்த இடத்தில், அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் நிற்குமா என்ற கேள்வியை யாராவது முன்கூட்டியே கேட்டாக வேண்டும். குரல் வகை என்பது அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்.

சோப்ரானோ, மெட்ஸோ, கான்ட்ரால்டோ, டெனர், பாரிடோன், பாஸ் என்ற ஆறு பெயர்கள் பலருக்கும் தெரிந்தவை. ஜெர்மானியர்கள் இதை இருபதுக்கும் மேலாகப் பிரித்தார்கள். துடுக்கான வேலைக்காரிக்கு ஒரு மெல்லிய சோப்ரானோ. பிர்காக்களாலேயே ஆன வேஷத்துக்கு இன்னொன்று. வாக்னரின் போர்க்கன்னிக்கு வேறொன்று. டெனரிலும் கோமாளி டெனர், காதலன் டெனர், வீரன் டெனர் என்று உண்டு. எந்த ஓபராவில் எந்த வேஷம் எந்த வகைக்கு என்று பட்டியல் போட்ட ருடால்ஃப் க்ளாய்பரின் கைநூல் 1951இல் வெளிவந்தது. பின்னால் பல பதிப்புகள் கண்டது.

குரல் எவ்வளவு உயரம் எட்டுகிறது என்பதல்ல இந்தப் பிரிவினையின் அளவுகோல். ஒரு மெட்ஸோவும் ஒரு சோப்ரானோவும் ஒரே உச்ச ஸ்வரத்தைத் தொட்டுவிட முடியும். சோப்ரானோ அந்த உயரத்தின் பக்கத்திலேயே குடியிருப்பாள். மெட்ஸோ போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது எல்லா வித்தியாசமும்கூட. ஒரு பாடல் அதிக நேரம் எந்த உயரத்தில் சஞ்சரிக்கிறதோ அதை இத்தாலியர்கள் டெஸிட்டூரா என்கிறார்கள்; நெசவு என்ற பொருள் அதனுள் இருக்கிறது. அதன் பிறகு நிறம், கனம், நெஞ்சுக்குரலிலிருந்து தலைக்குரலுக்குக் கடக்கிற இடம் எங்கே விழுகிறது என்பதெல்லாம். இவை உடம்பின் சமாச்சாரங்கள். குரல் நாண்களின் நீளத்தையும் தடிமனையும் யாரும் மனசு வைத்து மாற்றிவிட முடியாது.

இதுவரை சரி. ஆனால் ஃபாக் என்பது உடம்பைப் பற்றிய கண்டுபிடிப்பு மட்டுமல்ல, ஒப்பந்தமும்கூட. நிரந்தரக் கோஷ்டியில் சம்பளத்துக்கு இருக்கிற பாடகியை இன்ன வகை என்றுதான் அமர்த்துகிறார்கள். அந்த வகைக்குரிய வேஷங்களைத்தான் அவளிடம் கேட்கலாம். மெல்லிய குரல்காரியை அரங்க நிர்வாகி, 'அடுத்த மாசம் ஸ்ட்ராவுஸின் எலெக்ட்ரா பாடு' என்று உத்தரவு போட முடியாது. டெஸிக்னேஷன் என்பது குமாஸ்தாவைக் கட்டிப்போடுகிற கயிறு என்று கதை எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அதே டெஸிக்னேஷன்தான் மேனேஜர் வீட்டுக் காய்கறி வாங்கப் போகாமல் அவனைக் காப்பாற்றுவதும். அலமாரியின் மேல் எனக்கிருந்த கோபம் குறைந்தது இந்த இடத்தில்தான். நம் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று ஆளை வேஷத்தின் பெயராலேயே அமர்த்தவில்லையா?

ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் பேசுகிறவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. அது இயற்கையின் குரலில் பேச ஆரம்பிக்கும்போதுதான் தொல்லை. டெனர் காதலிப்பான், பாரிடோன் பொறாமைப்படுவான் அல்லது தகப்பனாக இருப்பான், பாஸ் அரசனாகவோ குருவாகவோ சாத்தானாகவோ வருவான் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அதற்கு முன் வீரத்தின் குரல் வேறு. ஹாண்டெலின் ஜூலியஸ் சீஸர் 1724இல் லண்டனில் மேடையேறியபோது சீஸராகப் பாடியவர் செனஸீனோ. சிறுவயதில் காயடிக்கப்பட்ட, பெண்ணின் கீழ்ஸ்தாயியில் பாடிய ஆண். உலகத்தை வென்றவனுக்கு அதுதான் பொருத்தம் என்று அன்றைய சபைக்குத் தோன்றியது. 1966இல் நியூயார்க்கில் அதே சீஸரைக் கனத்த ஆண்குரல் ஒன்று பாடியது, சீஸர் ஆண்பிள்ளையாயிற்றே! இப்போது கவுண்டர்டெனர்களும் மெட்ஸோப் பெண்களும் பாடுகிறார்கள்.

க்ளூக்கின் ஆர்ஃபியஸ் இதைவிடவும் தெளிவான உதாரணம். மனைவியைப் பாதாளத்தில் தேடிப்போகிறவன் 1762இல் வியன்னாவில் ஒரு கஸ்ட்ராத்தோ. 1774இல் பாரிஸில் ஓர் உயர்ந்த டெனர். க்ளூக்கே மாற்றி எழுதிக் கொடுத்தார். 1859இல் பெர்லியோஸ் அதைப் போலீன் வியார்தோ என்ற பெண்ணின் தாழ்ந்த குரலுக்காக மறுபடி சமைத்தார். துக்கம் ஒன்றேதான். மூன்று சபைகளும் அழுதிருக்கும். துக்கத்துக்கு இயற்கையான குரல் வகை எது என்று அந்த மூன்று சபைகளையும் கேட்டிருந்தால் மூன்று பதில் வந்திருக்கும், மூன்றும் அதே நிச்சயத்தோடு.

இனி 1837. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த வருஷத்துக்காகத்தான்.

பாரிஸ் ஓபராவின் முதல் டெனர் அடால்ஃப் நூரீ. 1802இல் பிறந்தவர். ரோஸினியின் வில்லியம் டெல்லில் ஆர்னால்ட், மெயர்பீரின் ராபர்ட், அலேவியின் 'யூதப் பெண்'ணில் எலெயாஸார், ஹ்யூகனாட்டுகளில் ராவுல் எல்லாம் முதலில் அவர் தொண்டைக்கு எழுதப்பட்டவை. படித்த மனுஷர். லா ஸில்ஃபீட் பாலேக்குக் கதை எழுதியவர். ஷூபர்ட்டின் பாடல்களைப் பிரான்ஸில் பாடிப் பரப்பியவர். மேல்ஸ்தாயிக்குப் போகும்போது நெஞ்சுக்குரலை விட்டுத் தலைக்குரலுக்கோ கலப்புக்குரலுக்கோ மாறிக்கொள்வார். அன்றைய டெனர் என்றாலே அப்படித்தான். மேலே போகப்போக நேர்த்தி கூடும், கனம் குறையும்.

கில்பெர் துப்ரே என்று இன்னொரு பிரெஞ்சுக்காரர் இத்தாலியில் இருந்தார். வில்லியம் டெல்லின் உச்ச ஸியை அவர் நெஞ்சுக்குரலிலேயே பிடித்தார். 1831இல் லூக்காவில் ஆரம்பித்த வித்தை அது. பாரிஸ் ஓபரா அவரையும் முதல் டெனராக அமர்த்தியது. நூரீ பங்கு போட்டுக்கொள்ள இஷ்டமில்லாமல் ராஜினாமா செய்தார். 1837 ஏப்ரல் 1 அவருக்கு விடைகொடுத்த இரவு. ஏப்ரல் 17 அன்று துப்ரே அதே மேடையில், அதே ஆர்னால்டாக வந்து, அந்த ஸியை நெஞ்சிலிருந்து எறிந்தார். கூட்டம் பைத்தியமாயிற்று. கழுத்தறுபடுகிற காயடித்த சேவலின் கூச்சல் என்று ரோஸினி சொன்னதாகச் சொல்கிறார்கள். ரோஸினியின் அபிப்பிராயம் யாருக்கு வேண்டும்? அவர் வெறுமே அதை எழுதியவர்தானே.

நூரீ தவறான வகையில் போடப்பட்டவர் அல்ல. அந்த வகையின் உச்சமே அவர்தான். டெனர் என்ற பெயர் அங்கேயேதான் இருந்தது. பதினாறு நாளில் அதற்குள்ளிருந்த பொருள் மட்டும் மாறிவிட்டது. எழுத்து அழியாத அலமாரி, உள்ளே வேறு வவுச்சர்.

அவர் செய்தது என்ன? இத்தாலிக்குப் போனார். முப்பத்தாறு வயசில், நேப்பிள்ஸில், டோனிஸெட்டியிடம் மாணவனாக உட்கார்ந்தார். புது மாதிரியில் பாடக் கற்றுக்கொள்ள. டோனிஸெட்டி அவருக்காகவே போலியூட்டோ எழுதினார். கிறிஸ்துவ தியாகியின் கதை மேடையில் வரக் கூடாது என்று 1838இல் அரசாங்கம் தடுத்துவிட்டது. அந்த வருஷக் கடைசியில் வேறொரு ஓபராவில் பாடினார். சபை நன்றாகவே வரவேற்றது. ஆனால் புதுக் குரல் வருவதற்குள் பழைய குரல் போய்விட்டிருந்தது. அந்தத் தலைக்குரலின் நேர்த்தி, கேட்டவர்கள் பரவசப்பட்ட அந்த மெல்லிய சாயைகள், திரும்பி வரவில்லை. 1839 மார்ச் 7 அன்று ஒரு கச்சேரியில் பாடினார். கைதட்டினார்கள். அதைக் கேலி என்றே அவர் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். மறுநாள் விடிகாலை, தங்கியிருந்த கட்டடத்தின் மேலிருந்து குதித்து இறந்தார். வயது முப்பத்தேழு. தடுக்கப்பட்ட போலியூட்டோ மறு வருஷம் பிரெஞ்சு உருவத்தில் பாரிஸ் ஓபராவில் மேடையேறியது. அதில் அவர் இடத்தில் பாடியவர் துப்ரே.

அதே 1837இல், அதே மேடையில், நூரீ போவதற்குச் சில வாரங்கள் முன்னால் இன்னொன்று நடந்தது. கோர்னேலி ஃபல்கோன் என்ற சோப்ரானோவுக்கு இருபத்துமூன்று வயசு. பதினெட்டில் மேடையேறியவள். இருண்ட நிறமுள்ள, கனத்த, ஆனால் உயரமும் போகிற குரல். அலேவியும் மெயர்பீரும் அதை மனசில் வைத்தே எழுதினார்கள். அந்த மார்ச்சில் நீடர்மெயரின் ஸ்ட்ராடெல்லா இரண்டாவது தடவையாக நடக்கிறது. கதாநாயகனாக நூரீ, தன்னோடு புறப்பட்டு வருகிறாயா என்று பாடிக் கேட்கிறார். தயார் என்று அவள் பதில் பாட வேண்டும். சத்தம் வரவில்லை. மயங்கி விழுந்தவளை நூரீதான் தூக்கிக்கொண்டு போனார். வைத்தியத்துக்கு இத்தாலி போய் வந்து, 1840இல் அதே மேடையில் மறுபடி பாட முயன்றாள், முடியவில்லை. காரணம் பலவிதமாகச் சொல்கிறார்கள். இயற்கையில் மெட்ஸோவாக இருந்தவளை மேலே இழுத்துவிட்டார்கள் என்பது அவற்றில் ஒன்று.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. அந்த மாதிரி இருண்ட சோப்ரானோவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபல்கோன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஐந்து வருஷம்கூட முழுசாகத் தாங்காத ஒரு தொண்டை வகையாயிற்று. வருகிற இளம்பெண்களை நீ ஒரு ஃபல்கோன் என்று வாத்தியார்கள் ஆசீர்வதித்தார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி 1897வரை பாரிஸில் உயிரோடு இருந்தாள்.

இங்கே ஒரு சௌகரியமான நீதி காத்திருக்கிறது. இயற்கையை மீறினால் இயற்கை தண்டிக்கும் என்று. மரியா காலஸ் விஷயத்தில் இதை ஓயாமல் சொல்லியாயிற்று. 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் ப்ரூன்ஹில்ட பாடிக்கொண்டிருந்தவள், பெல்லினியின் எல்வீரா பாட வேண்டியவள் நோயில் படுத்ததால், ஸெராஃபின் சொல்கேட்டுச் சில நாட்களில் அந்த வேஷத்தையும் பாடிவிட்டாள். முன்னது இடி, பின்னது நூலிழை. அலமாரியில் எதிரெதிர்க் கோடியில் இருக்கிற இரண்டு அறைகள். 1965இல் மேடை ஓபராவே அவளுக்கு முடிந்துபோனது. பார்த்தீர்களா என்றார்கள். ஆனால் நூரீ தன் அறையை விட்டு ஒரு நாளும் வெளியே வராதவர். அறைதான் அவரை விட்டுப் போயிற்று. ஃபல்கோன் மற்றவர்கள் வைத்த இடத்தில் இருந்தவள். தண்டனை என்ற கணக்கு நேராக வருவதில்லை. வெறும் ஆபத்தை நீதியாக்கிப் பார்ப்பது விமர்சகனுக்குச் செலவில்லாத காரியம்.

'உன் குரலை நீயே கண்டுகொள், மற்றவர் பேச்சைக் கேட்காதே' என்ற எதிர்க்கட்சியின் கோஷமும் எனக்கு உதவவில்லை. தன் குரலை முதன்முதலாக டேப்பில் கேட்டவன் எவனும், இது நானா என்றுதான் கேட்டிருப்பான். நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. வெளியே இருக்கிறவனுக்குக் கேட்பது நமக்கு ஒருநாளும் நேரே கேட்பதில்லை. முகத்துக்காவது கண்ணாடி உண்டு. குரல் விஷயத்தில் நாம் அடுத்தவன் காதை நம்பியே பிழைக்க வேண்டியிருக்கிறது. லாவ்ரிட்ஸ் மெல்ஷியோர் 1913இல் கோபன்ஹேகனில் பாரிடோனாக அரங்கேறினார். கூடப் பாடிய மூத்த பாடகி ஒருத்தி கேட்டுவிட்டு, நீ பாரிடோன் இல்லை, மூடி போட்ட டெனர் என்றாளாம். 1918இல் டெனராக மறுபடி அரங்கேறினார். வாக்னருக்கு அந்தத் தலைமுறையில் அவரைப் போல இன்னொரு டெனர் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் காது இல்லாவிட்டால்? அவரே தனக்குள் உற்றுக்கேட்டு அதைக் கண்டுபிடித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆகவே பெயர் வைக்கலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. யாராவது வைத்துத்தான் ஆக வேண்டும். வைக்கிற காது எதைக் கேட்டு வைக்கிறது, தொண்டையையா, சந்தையையா? கேட்டதற்கு அப்புறமும் கேட்டுக்கொண்டிருக்கிறதா, பெயர் வைத்ததோடு எழுந்து போய்விடுகிறதா? இந்த இரண்டாவதில் நான் குற்றவாளி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் முதல் கவிதைத் தொகுதிக்கு, இது மாதிரி ஒரு பத்திரிகையில், மதிப்புரை எழுதினேன். நல்ல கவிதைகள். அடங்கின குரல், அந்தரங்கமானது, வீட்டுக்குள் பேசுகிற தொனி என்று எழுதினேன். எழுதினதில் பொய் இல்லை. ஆனால் நாங்கள் இருபது முப்பது பேர் படிக்கிற உலகத்தில் அந்த வாரம் கனத்த குரல்களுக்குத்தான் மவுசு, 'அடங்கின' என்ற வார்த்தை அங்கே எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாவது தொகுதியில் அவர் கத்தினார். அதையும் எழுதினேன், முதல் தொகுதியின் மென்மை இதில் இல்லையே என்று. அவர் இப்போது எழுதுவதில்லை. பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கிறார். இடமாற்றல், பையனின் ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் பேசுகிறோம். ஒருநாள் அந்த முதல் தொகுதியைப் பற்றி நானாக ஆரம்பித்தேன். 'விடுங்க சார், அது அப்போ' என்றார். அதற்கு முன்னால் என்னை அவர் சார் என்று கூப்பிட்டதில்லை.

நூரீயின் உடல் நேப்பிள்ஸிலிருந்து பிரான்ஸுக்கு வந்தபோது, மார்ஸெய்ல் நகரத்தில் 1839 ஏப்ரலில் ஒரு பூசை நடத்தினார்கள். ஷோப்பான் அப்போது அந்த ஊரில் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். தேவாலயத்து ஆர்கனை அவர் வாசிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஜனங்கள் நாற்காலிக்குக் காசு கொடுத்து வந்து உட்கார்ந்தார்கள். சுருதி சரியில்லாத மட்டமான ஆர்கன். ஷோப்பான் கூரையைப் பிளக்கப்போகிறார், ஒன்றிரண்டு குழாயையாவது உடைப்பார் என்று கூட்டம் எதிர்பார்த்ததாக ஜார்ஜ் ஸாண்ட் எழுதியிருக்கிறார். அவர் நூரீ பாடிவந்த ஷூபர்ட்டின் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டார். இருந்ததிலேயே குறைந்த சத்தம் தரும் குழாய்களில், மிகவும் மெதுவாக வாசித்தார். வந்தவர்களுக்கு ஏமாற்றம்.